பத்துத் தார் பிள்ளை

1

என் வயிற்றைத் தைத்த ஆஸ்பத்திரி வருடத்துக்கு ஒரு முறை தவறாமல் எனக்குக் கடிதம் போடுகிறது. சொந்தக்காரர்களில் இந்த ஒழுங்கு யாருக்கும் இல்லை. அக்டோபரில், இங்கே மரங்கள் சிவக்க ஆரம்பிக்கும்போது நான்கு பக்கப் படிவம் ஒன்று வரும். கூடவே தபால் செலவு கட்டிய பதில் உறை. இப்போது எடை எவ்வளவு, வாரத்தில் எத்தனை முறை வாந்தி, முடி கொட்டுகிறதா, வேலையில் பதவி உயர்ந்ததா, மனைவியோடு சந்தோஷமா என்றெல்லாம் கேட்டிருப்பார்கள். பெண் கொடுக்கிற வீட்டார்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள்.

போன அக்டோபரில் வந்தது பத்தாவது வருடப் படிவம். அதனால் ஒரு வாழ்த்து அட்டையும் வைத்திருந்தார்கள். அட்டை முழுக்கப் பலூன்கள். இளைப்பதற்காக வயிற்றைத் தைத்துக்கொண்டவனுக்கு ஊதிப் பெருத்த பலூனை அனுப்பலாமா என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் செல்லமுத்து. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் போகிற வழியில் எங்கள் வீடு. அண்ணன் பெரியசாமிக்குத் தொட்டியத்தில் வாழைத் தோட்டம், திருச்சியில் வாழை மண்டி. நான் திருச்சியில் பாய்லர் தொழிற்சாலை ஒன்றில் வெல்டிங் பரிசோதகனாக இருந்துவிட்டு, 1971இல் அதே வேலைக்கு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக்கு வந்தவன். பற்றவைத்த இடத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, விரிசல் இருந்தால் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவது என் தொழில்.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன. சிறப்பு, நன்று, சுமார், தோல்வி. குறைந்த எடையில் பாதிக்கு மேல் திரும்பி வந்திருந்தால் ‘தோல்வி’யில் குறியிட வேண்டும் என்று பொடி எழுத்தில் விளக்கம். எனக்குக் கிட்டத்தட்ட முழுவதுமே திரும்பி வந்திருந்தது. பேனாவை எடுத்தவன் மூடி வைத்துவிட்டு, மிச்சத் தபாலைப் பார்த்தேன். அண்ணனின் ஏர்மெயில் கிடந்தது.

“முத்து, சுமதி பிறந்த நாளுக்கு எடுத்த போட்டோ கிடைத்தது. அம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். நீ பழையபடி ஆகிவிட்டாய் என்று அழுதார்கள். சந்தோஷத்தில்தான். அம்மன் கண் திறந்துவிட்டாள், மிச்சம் நான்கு தாரும் தயாராக இருக்கிறது, உடனே புறப்பட்டு வரச் சொல்கிறார்கள்.”

ஆக, ஒரே நாள் தபாலில் ஒரு தோல்வியும் ஒரு வெற்றியும் வந்து சேர்ந்தன. இரண்டும் ஒரே எடைக்கு.

2

1978இல் நான் நூற்று முப்பத்திரண்டு கிலோ. வீட்டுத் தராசின் முள் ஒரு சுற்று முழுதாகச் சுற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும் என்பதால், தொழிற்சாலையில் குழாய்களை நிறுக்கும் தராசில்தான் ஏறிப் பார்ப்பேன். அப்போது எனக்கு வயது முப்பத்தெட்டு. இப்படியே போனால் ஐம்பதைப் பார்ப்பது சிரமம் என்று டாக்டர் சொன்னார். பிறகு ஒரு காகிதத்தில் வயிற்றை வரைந்தார். மேலே ஒரு கோழி முட்டை அளவுக்கு இடம் விட்டு, அதற்குக் கீழே குறுக்காக எஃகுப் பின்களால் தைத்துவிடுவார்களாம். ஆபீசில் காகிதம் தைக்கிற மாதிரிதான். நடுவில் சின்னதாக ஒரு வழி. முட்டை அளவு சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடும்.

“இந்தத் தையல் எவ்வளவு அழுத்தம் தாங்கும்?” என்று கேட்டேன். தொழில் புத்தி.

“அது உங்கள் கட்டுப்பாட்டைப் பொறுத்தது” என்றார் டாக்டர்.

என் தொழிலில் அப்படி ஓர் அளவை நான் கேள்விப்பட்டதில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் மனநல நிபுணர் ஒருவர் என்னைப் பார்க்க வேண்டும் என்றார்கள். இளம்பெண். உங்கள் அம்மா சாப்பாட்டின் மூலமாகவா அன்பு காட்டினார்கள் என்று கேட்டாள். வேறு எதன் மூலமாகக் காட்டுவார்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். அரைப் பக்கம் எழுதினாள். நீங்கள் சாப்பிட மாட்டேன் என்றால் அம்மா என்ன செய்வார் என்றாள். அவளும் சாப்பிட மாட்டாள் என்றேன். அதற்கு ஒன்றரைப் பக்கம் எழுதினாள்.

கடைசியில் சம்மதப் பத்திரம். பதினேழு ஆபத்துகளை வரிசையாக அச்சடித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே கையெழுத்து கேட்டிருந்தார்கள். எட்டாவது முடி உதிர்தல். ஒன்பதாவது மரணம். பத்தாவது வாய் நாற்றம். ஒன்பதாவது வந்த பிறகு பத்தாவதைப் பற்றி நான் ஏன் கவலைப்பட வேண்டும் என்று நர்ஸிடம் கேட்டேன். வரிசைக்கு அர்த்தம் எதுவும் இல்லை, எல்லாவற்றுக்கும் கையெழுத்து வேண்டும், அவ்வளவுதான் என்றாள். மரணத்துக்கு எதிரே என் முதலெழுத்துகளைப் போட்டேன். மகள் சுமதிக்கு அப்போது ஆறு வயது. எனக்கு மிகவும் பயமாக இருந்தது.

ஊருக்கு எழுதும்போது, வயிற்றில் சின்னதாக ஒரு தையல் என்று மட்டும் எழுதினேன். என் மனைவி கமலா அதோடு விடவில்லை. பாவம், மாமியாரைத் தைரியப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, “உயிருக்கு ஒன்றும் பயமில்லை என்று டாக்டர் சொல்கிறார்” என்று கீழே ஒரு வரி சேர்த்துவிட்டாள். அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

“பயமில்லேன்னு எழுதுற அளவுக்கு என்னடா பயம்?” என்று அண்ணனைக் கேட்டிருக்கிறாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கொள்ளிடக் கரையில் எங்கள் குலதெய்வம் செல்லாயி அம்மன் கோயில். ஒரு சின்ன மண்டபமும் ஒரு வேப்பமரமும்தான். நேராக அங்கே போய் ஈரப் புடவையோடு நின்று வேண்டிக்கொண்டாள். பிள்ளை உயிரோடு திரும்பி வந்தால் அவன் எடைக்கு எடை வாழைப்பழம்.

எடையைக் குறைக்க ஓர் ஆபரேஷன். அது நல்லபடி நடந்தால் எடைக்கு எடை காணிக்கை. எங்கள் வீட்டைத் தவிர வேறு எங்கும் இப்படி நடக்காது.

3

இரண்டு வருடம் கழித்து, 1980 கோடையில் குடும்பத்தோடு ஊருக்கு வந்தேன். எடை எழுபத்தாறு. சென்னை விமான நிலையத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார்.

“இது யாருங்க?”

“நான்தாங்க.”

“இதுல பாதிதானே இருக்கீங்க?”

ஆபரேஷன் என்று விளக்கினேன். நம்பவில்லை. இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து யோசித்து, கடைசியில் பெரியவர் சொன்னார்: “எங்க, கன்னத்த நல்லா உப்புங்க பாப்போம்.” உப்பினேன். மூச்சு முட்டும்வரை அப்படியே நிற்கவைத்துப் படத்தோடு ஒப்பிட்டுவிட்டு முத்திரை குத்தினார்கள். பின்னால் வரிசையில் நின்ற சுமதியும் ஒற்றுமைக்காகக் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றாள்.

ஸ்ரீரங்கத்தில் வீட்டு வாசலில் டாக்சி நின்றது. அம்மா வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தாள். நான் இன்னும் டாக்சியிலிருந்து இறங்கவில்லை என்று நினைத்துவிட்டாள்.

“அம்மா, நான்தாம்மா முத்து.”

அவள் என் கையைப் பிடித்து, மணிக்கட்டைச் சுற்றி விரல்களைக் கோத்துப் பார்த்தாள். விரல்கள் ஒன்றோடொன்று தொட்டன. அதைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

“அந்த ஊர்ல சோறு போடலையாடா ஒனக்கு?”

இதைக் கேட்டது என்னை, பார்த்தது கமலாவை. கமலா அன்றைக்குப் பூராவும் யாரோடும் பேசவில்லை. வயிற்றைத் தைத்திருக்கிறார்கள், கொஞ்சமாகத்தான் சாப்பிட முடியும், இதனால்தான் உயிர் பிழைத்தேன் என்று நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“சரி, பொழச்சாச்சுல்ல? தச்சதப் பிரிச்சிரச் சொல்லு.”

அண்ணி தட்டில் ஆறு இட்லி வைத்தார். ஒன்றரை இட்லியில் எனக்கு வியர்த்துவிட்டது. “தம்பி, இன்னும் ஒண்ணே ஒண்ணு, எனக்காக” என்று அண்ணி கெஞ்சியதில் இரண்டாவது அரையையும் தின்றுவிட்டுக் கொல்லைப்புறம் ஓடினேன். என் வாந்தி சத்தம் பக்கத்து வீடுவரை கேட்டிருக்க வேண்டும். மாலைக்குள் தெருவில் மூன்று செய்திகள் உலவின. எனக்கு டி.பி., எனக்கு வேலை போய்விட்டது, கமலாவுக்குச் சமைக்கத் தெரியாது. பக்கத்து வீட்டு ஐயங்கார், ஓய்வுபெற்ற வாத்தியார், அவர் ஒருவர்தான் என் கட்சி. “அல்பாகாரம் ரொம்ப விசேஷம்டா முத்து. மகான்கள் எல்லாம் அப்படித்தான் இருந்திருக்கா. பகவான் ஒனக்கு அனுக்ரஹம் பண்ணியிருக்கான்” என்றார். சொல்லிவிட்டு, அண்ணி கொடுத்த மிச்ச நாலு இட்லியையும் சட்னியோடு வீட்டுக்கு வாங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை எடை போடுவதென்று ஏற்பாடு. கோயிலில் துலாபாரத் தராசு கிடையாது. வாழை மண்டியில் தார்க் கணக்குதான், அங்கேயும் தராசு இல்லை. அதனால் விறகுக் கடை பாயிடம் கேட்டு, மரம் நிறுக்கிற பெரிய தராசைக் கொண்டுவந்தார் அண்ணன். வேப்பமரக் கிளையில் அதை மாட்டினார்கள். பாய் சற்றுத் தள்ளி நின்றுகொண்டார். தராசுக்கு மட்டும் அவர் பொறுப்பு. அண்ணன் என் பழைய எடைக் கணக்கில், தாருக்குப் பதிமூன்று கிலோ என்று வைத்துப் பத்துப் பூவன் தார் பழுக்கவைத்து வண்டியில் ஏற்றிவந்திருந்தார்.

நான் தட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு தாராக எதிர்த்தட்டில் ஏறியது. நாலு. ஐந்து. ஆறாவது தார் ஏறியதும் என் தட்டு மண்ணைவிட்டுக் கிளம்பி, பாதி வழியில் ஆடி நின்றது. பூசாரி மணி அடித்தார். கீழே நான்கு தார் அப்படியே கிடந்தது.

அம்மா அதைப் பார்த்தாள்.

“மிச்சம்?”

“அவ்வளவுதாம்மா. எடைக்கு எடை சரியாப் போச்சு” என்றார் பூசாரி.

“எப்படிச் சரியாப் போகும்? தராசப் பாருங்க.”

பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. “தராசு மேல சந்தேகமே வேணாம்மா. அல்லா மேல ஆணை, முப்பது வருசமா ஒரு குச்சி கூடக் கொறயச் சொன்னதில்ல.” என்னை இறக்கி, தட்டு மாற்றி உட்காரவைத்து மறுபடி போட்டுக் காண்பித்தார். அதே ஆறு.

“நான் வேண்டிக்கிட்டது இந்த ஆளுக்கு இல்ல” என்றாள் அம்மா. “பத்துத் தார் புள்ளைக்கு வேண்டிக்கிட்டேன்.”

எல்லோருக்கும் யோசனை வந்தது. “சம்சாரத்தையும் கூட உக்கார வைங்க, புருசன்ல பாதிதானே” என்றார் பூசாரி. கமலா, “செத்தாலும் நான் அதுல ஏற மாட்டேன்” என்றாள். அம்மாவும் ஒத்துக்கொள்ளவில்லை. “அவ அவுங்க ஆத்தா பெத்த எடை. அத எடுத்துக் குடுக்க நான் யாரு?” அமெரிக்காவிலிருந்து வந்த சூட்கேஸ்கள் இரண்டையும் என் மடியில் வைத்துவிடலாமா என்று அண்ணன் கேட்டார். மண்டி வியாபாரிக்கு வரக்கூடிய யோசனைதான். எட்டு வயது சுமதி மட்டும், “நான் ஏறுறேன், நான் ஏறுறேன்” என்று குதித்தாள்.

அம்மா யார் பேச்சையும் கேட்கவில்லை. அம்மனுக்கு நேராகப் போய் நின்றாள். அவள் சாமியோடு சண்டை போட்டு அன்றுதான் பார்த்தேன்.

“பத்துத் தாருக்குக் கேட்டேன். ஆறு தாருதான் குடுத்திருக்க. மிச்சத்தக் குடு. குடுக்கிற அன்னிக்கு மிச்சத்தப் போடுறேன்.”

அந்த நான்கு தாரையும் வந்தவர்கள் எல்லோரும் தின்றார்கள். ஐயங்கார் வீட்டுக்கு ஒரு சீப்பு, பாய் கடைக்கு இரண்டு சீப்பு. என்னால் பாதிப் பழம்தான் முடிந்தது.

4

அதற்குப் பிறகு வந்த வருடங்களைப் படிவங்கள் நன்றாகத் தெரிந்துவைத்திருக்கின்றன. முடி கொட்டியது. பித்தப்பையில் கல் வந்து அதை எடுத்தார்கள். மாதத்துக்கு ஒரு வைட்டமின் ஊசி. தோல் தொங்கியது. நீச்சல் குளத்தில் சட்டையைக் கழற்றாதே என்று சுமதி கேட்டுக்கொண்டாள். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் வீட்டு விருந்துகளில் கால் தோசையோடு எழுந்த காரணத்தால் இரண்டு நல்ல சிநேகிதங்களை இழந்தேன்.

பாஸ்போர்ட் படத்தை மாற்றத் தூதரகத்துக்குப் போனேன். பழைய படத்தில் இருப்பவரும் புதிய படத்தில் இருப்பவரும் ஒருவர்தான் என்று, இருவரையும் அறிந்த இரண்டு பேர் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும் என்றார்கள். தொழிற்சாலை நண்பர்கள் இருவர் வந்து, “எங்களுக்குத் தெரிந்தவரை” என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். முழுப் பொறுப்பேற்க அவர்களும் தயாராக இல்லை.

பிறகு எடை திரும்ப ஆரம்பித்தது. இட்லி போகாத வழியில் ஐஸ்கிரீம் போகும். முறுக்கைப் பொடி செய்து பாலில் கரைத்தால் அதுவும் போகும். யாரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை. வேலை முடிந்து காரில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டேன். வயிற்றுக்கு வேண்டாம் என்றிருக்கும்போதும் எனக்கு வேண்டும் என்றிருந்தது. எனக்கு இதில் வெட்கம் உண்டு, அதனால் பத்து வருடப் படிவங்களிலும் எழுதவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

சுமதிக்குப் பதினாறு வயதாகிவிட்டது. வெளியே அவள் பெயர் ‘சூ’. சோறு சாப்பிடுவதில்லை. கீரைத் தழையைப் பச்சையாக மென்றுவிட்டு, காலையிலும் மாலையிலும் குளியலறைத் தராசில் ஏறுகிறாள். நாற்பத்தொன்பது கிலோ. தான் குண்டு என்கிறாள். அப்படியெல்லாம் இல்லை என்று நான் சொன்னால், ஒரு பார்வை பார்ப்பாள். அந்தத் தராசை வீட்டுக்கு வாங்கிவந்தவனே நான்தான்.

போன அக்டோபரில் மாவு மாதிரி ஏதோ ஒன்றைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை விளக்கின் முன் மாட்டினார். அவர் வாய் திறப்பதற்கு முன்பே நான் பார்த்துவிட்டேன். தையலில் மூன்று பின்கள் விட்டுப்போயிருந்தன. இருபது வருடப் பழக்கத்தில் என் கை சட்டைப் பையில் சிவப்புப் பென்சிலைத் தேடியது. என் தொழிற்சாலையாக இருந்தால் அந்தச் சரக்கு வாசலைத் தாண்டியிருக்காது.

மறுபடி தைக்க வேண்டும் என்றார் டாக்டர். சர்க்கரை ஏறிவிட்டது, படி ஏறினால் நெஞ்சு அடைக்கிறது, தள்ளிப்போட முடியாது. ஆனால் உள்ளே பழைய தழும்புகள் இருப்பதால் இந்த முறை கஷ்டம் அதிகம். புதிய சம்மதப் பத்திரத்தில் ஆபத்துகள் இருபத்திரண்டு. மரணம் ஒன்பதாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு வந்திருந்தது. பத்து வருடத்தில் என் விஷயத்தில் பதவி உயர்வு பெற்றது அது ஒன்றுதான்.

பத்திரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். முதல் தடவை அம்மாவிடம் பாதியை மறைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை நேரில் சொல்லாமல் போட மனம் வரவில்லை. எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. அவள் எட்டு வருடம் வேண்டிப் பெற்ற எடையைத்தான் மறுபடி குறைக்கப் போகிறேன்.

5

தை மாதம் சுமதியை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். கமலாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் வந்திருப்பாளா என்பது சந்தேகம். அப்பாவை வாழைப்பழத்தோடு வைத்து எடை போடப் போகிறார்கள் என்று சுமதி தன் தோழிகள் எல்லோருக்கும் போன் செய்து ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள்.

சென்னையில் அதே கவுண்டர், வேறு அதிகாரி. இந்த முறை பாஸ்போர்ட்டில் ஒல்லி, எதிரே குண்டு.

“இந்த ஆளு எங்கங்க?”

“நான்தாங்க. நடுவுல கொஞ்சம் நல்லா சாப்பிட்டுட்டேன்.”

“கன்னத்த உள்ள இழுங்க பாக்கலாம்” என்றார். இழுத்தேன்.

வீட்டு வாசலில் அம்மா என்னைப் பார்த்தாள். பின்னால் பார்க்கவில்லை. எழுபத்தைந்து வயதில் ஓடிவந்து, என் கன்னத்தைக் கிள்ளி, தோளைத் தட்டி, மணிக்கட்டைச் சுற்றி விரல்களைக் கோத்துப் பார்த்தாள். விரல்கள் தொடவில்லை. அண்ணியைக் கூப்பிட்டு அதைக் காட்டினாள். அன்று அண்ணி வைத்த ஆறு இட்லியையும் சாப்பிட்டேன். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்று மூன்று நாள் வாயெடுத்தேன், அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கோயிலில் புதிதாக ஒரு சிக்கல். பாக்கி நான்கு தார்தானே என்று அண்ணன் நான்கு மட்டும் கொண்டுவந்திருந்தார். ஆனால் தட்டில் உட்காரப் போவது முழு ஆள். நாலு தாருக்கு என் தட்டு அசையக்கூட அசையாது. இடுப்புக்கு மேலே மட்டும் எப்படி நிறுப்பது? பூசாரி கையை விரித்துவிட்டார். தாடி முழுக்க வெளுத்துப்போயிருந்த பாய்தான் வழி சொன்னார்.

“போன தடவ குடுத்தது எழுபத்தாறு கிலோ. அதுக்கு ஈடா எழுபத்தாறு கிலோ வெறகு வெச்சிருவோம். மேல நாலு தாரையும் ஏத்துங்க. வெறகு எனக்கு, பழம் அம்மனுக்கு. இன்ஷா அல்லா சரியா வரும்.”

எதிர்த்தட்டில் புளியங்கட்டைகள் ஏறின. அதன்மேல் ஒவ்வொன்றாக நான்கு தார். நான்காவது தார் ஏறியதும் என் தட்டு மெல்லக் கிளம்பி நின்றது. முள் நேராக நின்றது. பூசாரி மணி அடித்தார். சுமதி காமிராவோடு நாலு பக்கமும் ஓடிப் படம் எடுத்தாள். நூற்று இருபத்தொன்பது கிலோவோடு, ஒரு பக்கம் விறகும் பழமும் தொங்க, வேப்பமரத்தில் நான் ஆடிக்கொண்டிருந்தேன். அம்மா கை கூப்பி நின்றாள்.

“இப்பத்தான் எம் புள்ள ஊரு வந்து சேந்தான்.”

சுமதியின் தமிழ் எட்டு வயதிலேயே நின்றுவிட்ட தமிழ். பாட்டிக்கு எல்லாம் தெரியும் என்று அவள் நினைத்திருந்தாள். “பாட்டி, நல்லாப் பாத்துக்கோ. அப்பாக்கு மறுபடி ஆபரேஷன் இருக்கு. மறுபடி சின்ன அப்பா ஆயிடும்” என்றாள்.

நான் அந்தத் தட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். இறங்க யாராவது கை கொடுக்க வேண்டும். யாரும் நகரவில்லை.

“மறுபடியும் வெட்டுவானுங்களா?” என்றாள் அம்மா.

“ஆமாம்மா.”

“பண்ணிக்கலேன்னா?”

“ரொம்ப நாள் தாங்காதுங்கறார் டாக்டர். சக்கரை கூடிப்போச்சு. நாலு படி ஏறினா நெஞ்சு அடைக்குது.”

“பண்ணிக்கிட்டா?”

“அதுலயும் பயந்தாம்மா. போன தடவைய விட.”

அம்மா எதிர்த்தட்டைப் பார்த்தாள். பழத்தைத் தொட்டாள்.

“இத நான் கேட்டு வாங்குனேன்டா. எட்டு வருசமா செவ்வாய், வெள்ளி, ஒரு நாள் விடாம வந்து கேட்டு வாங்குனேன். இதா ஒன்னக் கொல்லுது?”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் காதில் வாங்காமல் திரும்பி மண்டபத்துக்குள் போனாள். ஐந்து நிமிடம் இருக்கும். உள்ளே என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. இந்த முறை சத்தமே இல்லை. நான் தட்டில் ஆடாமல் இருக்கப் பார்த்தேன். பாய் தராசுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்தவள் என்னைப் பார்க்காமல் அண்ணனிடம் போனாள்.

“பெரியசாமி, அடுத்த தடவைக்கு ஆறு தாரு போதும்டா.”

பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

“ஆறு தாருக்குத்தான் கேட்டிருக்கேன். ஆறு தாரு புள்ள போதும் எனக்கு. அதுக்குக் கீழ எறங்கிராத.”

6

திரும்பி வந்து இரண்டு மாதம் ஆகிறது. படிவம் சாப்பாட்டு மேஜையிலேயே கிடந்தது. போன வாரம் சுமதி அதை எடுத்துத் தன் தட்டெழுத்து இயந்திரத்தில் மாட்டினாள். நான் சொல்லச் சொல்ல அடித்தாள். கட்டங்கள் வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். தோல்வியிலேயே போடு என்றேன். போட்டாள். அடுத்த கேள்வி, நீங்கள் அடைய விரும்பும் எடை. நான் பதில் சொல்வதற்குள் அவளே ‘6’ போட்டு, ‘தார்’ என்று ஆங்கில எழுத்தில் அடித்துவிட்டாள்.

“அப்பா, நான் எத்தனை தார்?”

“நாலுக்கு ஒரு சீப்புக் குறைச்சல்.”

“அது போதுமா?”

“பாட்டிக்கு எழுதிக் கேளு.”

கேட்டு எழுதினாள். பதினாறு வயதில் அவள் எழுதிய முதல் தமிழ்க் கடிதம். மூன்று வரி. அன்று இரவு ஒரு கரண்டி சோறு கூடப் போட்டுக்கொண்டாள் என்று கமலா என்னிடம் தனியாகச் சொன்னாள். நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளாத மாதிரி இருந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் செய்தாள். விரும்பும் எடை என்ற இடத்தில் ஆறு என்று இருக்கிறதே, ஆறு என்ன என்றாள். வாழைத்தார் என்று விளக்கினேன். பிறகு, “ஒரு தார் எத்தனை பவுண்டு?” என்று கேட்டாள். காற்று, தண்ணீர், உரம் எல்லாவற்றையும் பொறுத்தது, ஒரே மாதிரி இருக்காது என்றேன். தோராயமாகச் சொல்லுங்கள், டாக்டர் கேட்பார் என்றாள். சொன்னேன்.

ஆபரேஷன் வரும் செவ்வாய்க்கிழமை. இருபத்திரண்டு ஆபத்துகளுக்கும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. பயம் இருக்கிறது.

நேற்று அண்ணனின் கடிதம் வந்தது. ஆடிக்குள் நான் ஆறு தாருக்கு இளைத்து வந்துவிடுவேன் என்று தானாகவே கணக்குப் போட்டு, தொட்டியத்தில் குலை தள்ளுகிற பருவத்திலிருக்கும் மரங்களில் ஆறை அம்மாவே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாளாம். மண்டிக்கு வெட்டுகிறவர்கள் தெரியாமல் கைவைத்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றின் அடியிலும் சுண்ணாம்பு பூசச் சொன்னாளாம். பூசி முடித்துப் பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்துவிட்டு, மறுபடி தோட்டத்துக்குத் திரும்பி நடந்தாளாம்.

“காத்துல ஒண்ணு சாஞ்சிருச்சுன்னா?” என்று சொல்லி, ஏழாவதாக ஒரு மரத்துக்கும் தன் கையாலேயே சுண்ணாம்பு பூசிவிட்டு வந்தாளாம்.